முடிந்த செயலும் மிஞ்சும் சுவடும்

முடிந்துபோன ஒரு செயல் வெகுகாலம் கழித்துப் பலன் தருவது எப்படி என்பது இந்தியத் தத்துவத்தின் பழைய கேள்விகளில் ஒன்று. வேள்வி முடிந்தது, தீ அணைந்தது, வேட்டவனும் வீடு திரும்பிவிட்டான். அவனுக்குச் சொல்லப்பட்ட சொர்க்கமோ இறப்புக்குப் பிறகு. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த வேள்வி எங்கே இருந்தது? இல்லாத ஒன்று காரணமாக நிற்க முடியாது என்றால், இடையில் ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும். மீமாம்சகர் அதை அபூர்வம் என்றனர். நியாய வைசேடிகர் ஆன்மாவில் தங்கும் அதிருஷ்டம் என்றனர். நெடுநாள் முன் அழிந்த செயல், எதையும் விட்டுவைக்காமல் பலன் தர இயலாது என்பதை உதயணர் தம் நியாயகுசுமாஞ்சலியில் ஒரு முழு வாதமாகவே வளர்த்தார். அந்த நூலை 1864இல் கல்கத்தாவிலிருந்து ஆங்கிலத்தில் வெளியிட்டவர் அந்நகரின் சமஸ்கிருதக் கல்லூரி முதல்வராக இருந்த ஈ. பி. கவல்.

கணிதத்திலும் இந்தக் கேள்விக்கு ஓர் இடம் உண்டு. பின்னவரிசைத் தொகையீட்டுப் பகுதி வகையீட்டுச் சமன்பாடுகள் என்ற நீண்ட பெயருக்குள் இருப்பது அதுதான். ஓர் அளவு இந்த நொடியில் எப்படி மாறும் என்பதை அதன் இந்த நொடி மதிப்பைக் கொண்டு மட்டும் சொல்லாமல், தொடக்கம் முதல் அது கடந்துவந்த எல்லா மதிப்புகளையும் எடையிட்டுக் கூட்டிச் சொல்லும் சமன்பாடுகள் இவை. தாளில் தீரக்கூடியவை மிகச் சில. மற்றவற்றுக்கு எண்ணியல் முறைதான் வழி. அப்படி ஒரு முறையை வகுப்பவர், கழிந்த காலத்தை முழுதாக வைத்திருப்பதா, மறந்துவிடுவதா, சுவட்டை மட்டும் வைத்திருப்பதா என்று முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். தத்துவத்தில் தரப்புகளாகப் பிரிந்து நின்ற விடைகள் இங்கே வழிமுறைகளாக வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் என்ன விலை என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம் என்பதால்தான் இந்த ஒப்பீட்டுக்கு மதிப்பு.

பள்ளி, கல்லூரிகளில் முதலில் கற்பிக்கப்படும் வகையீட்டுச் சமன்பாடுகளுக்கு நினைவு கிடையாது. ஒரு கம்பியின் ஒவ்வொரு புள்ளியிலும் இப்போது என்ன வெப்பநிலை என்று தெரிந்தால் போதும். நாளை என்ன ஆகும் என்பதை வெப்பச் சமன்பாடு சொல்லிவிடும். அந்தக் கம்பியை நேற்று காய்ச்சினார்களா, போன வாரம் காய்ச்சினார்களா என்று அது கேட்பதில்லை. கடந்தது எதுவானாலும் அதன் பாதிப்பு முழுதும் நிகழ்நிலைக்குள் அடங்கிவிட்டது என்பது அதன் அடிப்படை நம்பிக்கை. நிகழ்தகவிலும் இதே நம்பிக்கை மார்க்கோவ் பெயரால் வழங்குகிறது. அதற்குரிய சமன்பாடுகளை 1931இல் வகுத்த கோல்மகோரவ், 1962இல் கொல்கத்தாவின் பராநகரில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்திருக்கிறார். அந்த நிறுவனத்தின் ‘சங்க்யா’ இதழில் மறு ஆண்டு அவர் கட்டுரையும் வெளிவந்தது.

தத்துவத்தில் இந்த நிலைக்கு மிக நெருங்கி நிற்பவர்கள் பௌத்தக் கணிகவாதிகள். இருப்பது எதுவும் ஒரு கணமே இருக்கிறது. ஒரு கணம் அடுத்த கணத்தைப் பிறப்பித்துவிட்டு அழிகிறது. அழிந்ததற்கு அதற்குமேல் எந்தச் செயலும் இல்லை. விக்கிரமசீலத்து இரத்னகீர்த்தி 11ஆம் நூற்றாண்டில் இதற்காக எழுதிய தருக்க நூல், ஹரப்பிரசாத் சாஸ்திரி பதிப்பித்த ஆறு பௌத்த நியாய நூல்களின் தொகுப்பில் அடங்கி, 1910இல் கல்கத்தா ஆசியக் கழகத்தின் வழியாக அச்சேறியது. தமிழில் நீலகேசி பௌத்தரோடு தொடுக்கும் வாதங்களிலும் கணிகவாதம் அடிபடுகிறது. எதிர்த்தரப்பின் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: செய்தவன் அந்தக் கணமே அழிந்துவிட்டான் என்றால் பலனை நுகர்பவன் யார்? ஒவ்வொரு கணமும் தன் வாசனையை, அதாவது தன் பதிவை, அடுத்த கணத்துக்குக் கடத்துகிறது என்பது பௌத்தர் விடை. அந்த விடை நினைவை மறுக்கவில்லை. அதை நிகழ்கணத்தின் ஓர் உறுப்பாக ஆக்கிவிடுகிறது. இந்த நுட்பம் பின்னால், எதிர்பாராத இடத்தில், கணினிக்குள் திரும்ப வரும்.

நினைவு தேவைப்படும் பொருளுக்குக் கொல்கத்தாவில் வெகுதூரம் தேட வேண்டாம். நகரமே அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. கங்கைச் சமவெளியின் மென்களிமண்ணும் வண்டலும், இடையிடையே மக்கிய மரத்துண்டுகளும் கலந்தது அதன் மேல்மண். நகரின் கிழக்கே சதுப்பாகக் கிடந்த உப்பு ஏரிப் பகுதியில் 1960களில் ஹூக்ளி ஆற்றிலிருந்து வண்டலை வாரிக் கொட்டி, இன்று பிதான்நகர் எனப்படும் சால்ட் லேக் நகரத்தை எழுப்பினார்கள். மென்களிமண்ணின்மேல் இப்படி ஒரு சுமையை ஏற்றினால் இரண்டு காரியங்கள் நடக்கும். முதலாவது, மண்ணிடுக்கில் இருக்கும் நீர் நெருக்கப்பட்டு மெல்ல வெளியேறும். டெர்ஸாகி 1925இல் தந்த சமன்பாடு இதைச் சொல்கிறது. அது வெப்பச் சமன்பாட்டின் அச்சு அசல் வடிவம், நினைவற்றது. இரண்டாவது, நீர் வடிந்து தீர்ந்த பிறகும் களிமண் துகள்களின் அடுக்கு விடாமல் தவழ்ந்து அமுங்கிக்கொண்டே இருக்கும். இதையும் கணக்கில் சேர்க்க டெய்லரும் மெர்ச்சன்ட்டும் 1940இல் முயன்றார்கள். அந்தத் தவழ்வு இன்றைய சுமையை மட்டும் பொறுத்ததன்று. எப்போது எவ்வளவு சுமை ஏறியது, எவ்வளவு காலம் இருந்தது, எப்போது இறங்கியது என்ற வரலாறு முழுதையும் பொறுத்தது. நீர் வடிவதற்கு இடத்தைச் சார்ந்த பகுதி வகையீடும், தவழ்வதற்குக் கடந்த காலத்தைக் கூட்டும் தொகையீடும் ஒரே சமன்பாட்டில் சேர்கின்றன. ஒரே அழுத்தமும் ஒரே தடிமனும் கொண்ட இரண்டு களிமண் மாதிரிகள், முன்பு பட்ட சுமை வேறு என்பதால் மட்டும், நாளை வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும். ‘இப்போதைய நிலை போதும்’ என்ற நம்பிக்கை இங்கே முறிகிறது.

உயிரற்ற பொருளின் இந்தப் பண்பைக் கொல்கத்தாவில் முன்பே உற்றுப் பார்த்தவர் ஜெகதீச சந்திர போஸ். 1901 மே 10 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஆற்றிய உரையிலும், 1902இல் வெளிவந்த நூலிலும், உலோகக் கம்பியை மீண்டும் மீண்டும் தூண்டினால் அதன் எதிர்வினை சோர்ந்து குறைவதையும் ஓய்வுக்குப் பின் மீள்வதையும் வளைவரைகளாகக் காட்டினார். உயிருக்கும் உயிரற்றதற்கும் இடையில் எல்லையே இல்லை என்பதுவரை அவர் போனது வேறு விவாதம். முன்பு பட்ட தூண்டல் இன்றைய எதிர்வினைக்குள் இருக்கிறது என்ற சிறிய செய்தி அந்த வளைவரைகளில் உறுதியாக இருக்கிறது.

வைசேடிகரின் பகுப்பு இந்த இடத்தில் வியக்க வைக்கும். பிரசஸ்தபாதர் முதலாக அவர்கள் சம்ஸ்காரம் என்ற ஒரே குணத்தின் கீழ் மூன்றை வைத்தார்கள்: எய்த அம்பில் இருக்கும் வேகம், ஆன்மாவில் தங்கி நினைவைப் பிறப்பிக்கும் பாவனை, வளைத்த கிளையை விட்டதும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் ஸ்திதிஸ்தாபகம். மனத்தின் நினைவையும் மரத்தின் மீள்திறனையும் ஒரே பெட்டியில் போடுவது இன்றைய கண்ணுக்கு விசித்திரம். ஆனால் மூன்றுக்கும் பொதுவான வேலை ஒன்று உண்டு: முடிந்துவிட்ட ஒன்றின் சார்பாகப் பின்னால் செயல்படுவது. இதைக் காட்டிப் பின்னவரிசை நுண்கணிதத்தை முன்னோர் அன்றே அறிந்திருந்தார்கள் என்று யாரேனும் எழுதினால் அதைத் தள்ளிவிடலாம். அவர்களிடம் அளவும் இல்லை, சமன்பாடும் இல்லை. இருந்தது சரியான கேள்வி, அதுவே பெரிது.

நினைவு எந்த வேகத்தில் தேய்கிறது என்பதே அடுத்த சிக்கல். கதிரியக்கப் பொருளைப் போல் குறித்த அரைவாழ்வோடு தேய்ந்தால் வேலை எளிது. களிமண், பாலிமர், உயிர்த்திசு போன்றவற்றில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. அங்கே தேய்வு காலத்தின் ஓர் அடுக்காக அமைகிறது. ஒரு சுமையின் எடை கழிந்த காலத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறைவதாகக் கொள்வோம். ஓராண்டுப் பழமையான நினைவு பாதியாக, அது நான்காண்டுப் பழமை அடைய வேண்டும். மறுபடி பாதியாக 16 ஆண்டு, அதிலும் பாதியாக 64 ஆண்டு. பழையது ஆக ஆக மறதியும் மெதுவாகிறது. இத்தகைய எடையோடு கடந்த காலத்தைக் கூட்டினால் கிடைப்பதே பின்னவரிசைத் தொகையீடு. வகையீட்டின் வரிசை அரை என்றால் என்ன ஆகும் என்ற கேள்வியை லைப்னிஸ் 1695இல் லோபிதாலுக்கு எழுதிய கடிதத்தில் தொட்டிருந்தார். ஆபெல் 1823இல் ஓர் இயக்கவியல் கணக்கில் அதைப் பயன்படுத்தினார். லியூவில், ரீமான் அதற்கு முறையான உருவம் தந்தார்கள். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1965இல் முனைவர் பட்டம் பெற்ற லோகநாத் தேப்நாத் இந்த வரலாற்றையும் பயன்பாடுகளையும் தொகுத்து எழுதியவர்களில் ஒருவர். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் சாந்தனு தாஸ் இத்துறையில் நூல்கள் எழுதியதோடு, அதே பல்கலைக்கழகத்தின் பயன்முறைக் கணிதத் துறையினரோடு சேர்ந்தும் ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்.

இனிக் கணக்கு. காலத்தைச் சிறு சிறு படிகளாக வெட்டிக்கொண்டால், அரை வரிசை வகையீட்டை கிரூன்வால்டு–லெட்னிகோவ் முறையில் எழுதுவது எளிது. இன்றைய மதிப்புக்கு எடை 1. ஒரு படி முந்தியதற்கு −1/2. இரண்டு படி முந்தியதற்கு −1/8. பிறகு −1/16, −5/128, −7/256 என்று போகிறது. குறியை விட்டுவிட்டுக் கடந்த காலத்தின் எடைகளை மட்டும் கூட்டிப் பார்த்தால் ஒரு செய்தி தெரியும். நேற்றைய படி மட்டும் 1/2. இரண்டு படி சேர்ந்தால் 5/8. மூன்று சேர்ந்தால் 11/16. ஐந்து சேர்ந்தால் சுமார் 0.754. முடிவில்லாமல் பின்னோக்கிப் போனால் கூட்டுத்தொகை சரியாக 1. கடந்த காலம் முழுவதன் எடையும் நிகழ்கணம் ஒன்றன் எடையும் சமம்! வரிசை அரை என்பதால் மட்டும் நேர்ந்த தற்செயல் அல்ல இது. 0க்கும் 1க்கும் இடைப்பட்ட எந்த வரிசைக்கும் இதுவே நடக்கும். வரிசை 1ஐ நெருங்கும்போது கடந்த காலத்தின் எடை முழுதும் நேற்றைய ஒரு படியில் குவிகிறது. அதுதான் நினைவற்ற பழைய வகையீடு. வரிசை 0ஐ நெருங்கும்போது அதே எடை எண்ணற்ற படிகளில் கண்ணுக்குத் தெரியாத தூளாகச் சிதறுகிறது. துல்லியம் கூடிய வேறு வாய்ப்பாடுகளும் இருக்கின்றன. எல்1 எனப்படும் முறை அடுத்தடுத்த புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்துத் தொகையிடுகிறது. லூபிக் 1986இல் தந்த சுருள்தொகை முறை, வகையீட்டுச் சமன்பாடுகளின் பழைய வாய்ப்பாடுகளையே பின்னவரிசைக்கு நீட்டுகிறது. இடத்தைப் பொறுத்தவரை வழக்கமான வேறுபாட்டு முறையோ உறுப்பு முறையோ போதும்; அங்கே புதுச் சிக்கல் அதிகமில்லை.

சிக்கல் எல்லாம் நினைவகத்தில். 10,000 காலப்படிகள் கொண்ட கணக்கில் ஒவ்வொரு படியிலும் முந்திய படிகள் அத்தனையையும் கூட்ட வேண்டும். ஓர் இடப்புள்ளிக்கு ஏறத்தாழ 5 கோடிப் பெருக்கல்கள். 1,000 புள்ளிகள் என்றால் 5,000 கோடி. கூட்டலை விரைவுபடுத்தத் தந்திரங்கள் உண்டு. ஆனால் பழைய மதிப்புகள் ஒரு கோடியையும் எங்காவது வைத்திருந்துதான் ஆக வேண்டும். இன்று ஒரு மடிக்கணினிக்கே அது பெரிய சுமையில்லை. முப்பரிமாணக் கணக்கில் புள்ளிகள் பல லட்சமாகும்போது பெருங்கணினியும் திணறும். இந்தியாவுக்கு வந்த முதல் எண்ணியல் கணினியான எச்.இ.சி.–2எம் 1955இல் பராநகரின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்தது. அதன் உருளை நினைவகத்தில் 1,024 சொற்களே கொள்ளும். மேலே சொன்ன கணக்கில் ஒரே ஒரு காலப்படியின் மதிப்புகளை வைத்ததும் அது நிரம்பிவிடும். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன் சமரேந்திர குமார் மித்ரா அதே நிறுவனத்தில் கட்டிய, 10 மாறிகள் கொண்ட நேரியல் சமன்பாடுகளைத் தீர்க்கும் ஒப்புமைக் கணினிக்கோ கடந்த காலம் என்ற பேச்சே இல்லை.

ஆகவே முதல் தந்திரம் மறதி. குறித்த எல்லைக்கு அப்பால் உள்ள கடந்த காலத்தை வெட்டிவிடுவதைக் குறுநினைவுக் கொள்கை என்பார்கள்; போட்லுப்னியின் 1999 நூல் வழியாக இது பரவியது. இதன் விலையையும் மேலே கண்ட எடைகளே சொல்லிவிடும். 100 படிகளுக்கு அப்பால் உள்ளவற்றை விட்டால் இழக்கும் எடை சுமார் 0.056. இதைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டுமானால் 100 படி போதாது, 10,000 படி வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு பழைய படியும் அற்பம், சேர்ந்தால் அற்பமில்லை. வெட்டுபவர் ஏமாறுவது இங்கேதான். சால்ட் லேக்கின் அடிமண்ணுக்கு இதைச் செய்தால், 1960களில் கொட்டிய பெருஞ்சுமை எல்லைக்கு வெளியே போகும் நாளில், மாதிரியில் தரை காரணமில்லாமல் சற்று எழும்பும். மறந்துவிட்டதால் சுமை இல்லாமல் போய்விட்டது என்று கணினி நினைக்கிறது. நவத்வீபத்து விசுவநாதர் 17ஆம் நூற்றாண்டில் எழுதிய சித்தாந்த முக்தாவளி, சம்ஸ்காரத்தை அழிப்பவை எவை என்று பேசும்போது காலத்தையும் நோயையும் இறுதிப் பலனையும் குறிக்கிறது. குறுநினைவு முறை காலத்தை மட்டும், அதுவும் திடீரென்று வெட்டும் காலத்தை, ஏற்றுக்கொண்ட முறை.

இரண்டாவது தந்திரமே தத்துவத்துக்கு முக்கியமானது. அடுக்கு விதிப்படி தேயும் எடையை, வெவ்வேறு அரைவாழ்வுகளோடு தேயும் பல எளிய எடைகளின் கூட்டுத்தொகையாக எழுதலாம். காமா சார்பின் வரையறையே இதற்கு அடிப்படை. ஒற்றை அரைவாழ்வுடன் தேயும் நினைவுக்கு ஒரு வசதி: அதற்குப் பழைய வரலாறு வேண்டாம். பழைய பாக்கியை மட்டும் அடுத்த பக்கத்துக்கு ஏற்றிவிட்டு ரசீதுகளைக் கிழித்துப்போடும் மளிகைக்கடைக்காரரைப் போல, ஒரே ஓர் எண்ணை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் அதைக் கொஞ்சம் தேய்த்து, புதியதைச் சேர்த்தால் போதும். நாளில் தேய்வது ஒன்று, மாதத்தில் தேய்வது ஒன்று, நூற்றாண்டில் தேய்வது ஒன்று என்று சில பத்துச் சுவடுகளை வைத்தால், 10,000 படிக் கணக்குக்கு நல்ல துல்லியம் கிடைத்துவிடும். 50 சுவடுகள் என்று கொண்டால் 1,000 புள்ளிகளுக்கு 50,000 எண்கள். ஒரு கோடி எங்கே, இது எங்கே! 2000க்குப் பிறகு வளர்ந்த விரைவு முறைகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது இதுதான்.

உதயணர் கேட்டது ஏறக்குறைய இதைத்தான். கழிந்த நிகழ்ச்சி தானே நேரடியாக வந்து இன்றைய கூட்டலில் நிற்பதாகச் சமன்பாடு எழுதப்படுகிறது. அதே சமன்பாட்டை, கழிந்தது எதையும் தொடாமல், இப்போது இருக்கும் சுவடுகளை மட்டும் கொண்டும் நடத்த முடிகிறது. சுவடுகளையும் நிலையின் உறுப்புகளாகச் சேர்த்துவிட்டால் நினைவுள்ள அமைப்பு நினைவற்றதாகிவிடுகிறது. இரத்னகீர்த்தியின் தரப்பு வாசனையைக் கணத்துக்குள் வைத்ததும் இதே நகர்வு. அதாவது, எதிரெதிரே நின்ற நியாயத்தாரும் பௌத்தரும் இந்த ஒரு செய்தியில் ஒரே பக்கம்: கழிந்ததற்கு இப்போது ஒரு பிரதிநிதி உண்டு. அந்தப் பிரதிநிதி நிலைத்த ஆன்மாவில் தங்குகிறதா, கணந்தோறும் கைமாறுகிறதா என்பதில்தான் சண்டை. அந்தச் சண்டையில் கணிதத்துக்கு வேலையில்லை.

ஆனால் சுவடுக் கட்சிக்கும் ஒரு விலை உண்டு. அடுக்கு விதி நினைவைத் துல்லியமாகத் தர, எண்ணிக்கைக்கு உட்பட்ட சுவடுகள் ஒருபோதும் போதாது. எத்தனை வைத்தாலும், அவற்றில் மிக மெதுவாகத் தேயும் சுவட்டின் காலத்தைத் தாண்டியதும் மாதிரி திடுமென மறக்கத் தொடங்கும். உண்மையான பொருளோ நினைவில் வைத்தே இருக்கும். சரிநிகர் என்றால் எல்லா அரைவாழ்வுகளிலும் இடைவெளியின்றிப் பரந்த ஒரு சுவட்டுத் தொகுதி வேண்டும். ஆகவே முடிந்த செயலுக்கு ஒரு சுவடு போதும் என்று சொல்பவர், எல்லையற்ற ஒரு கிடங்கையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறார். யோகாசாரப் பௌத்தர் ஆலய விஞ்ஞானம் என்றும், சைவ சித்தாந்தம் சஞ்சிதம் என்றும் பெரிய கிடங்கு ஒன்றை வைத்தது மிகைக் கற்பனையாகத் தோன்றலாம்; நெடுநாள் நினைவைச் சுவடுகளால் விளக்கப் புகுந்தவர் யாரும் அதைத் தவிர்க்க முடியாது என்பதைத்தான் கணக்கும் காட்டுகிறது.

கிடங்கு வேண்டாம் என்பவருக்கும் ஒரு தரப்பு உண்டு. பெர்ட்ரண்ட் ரஸல் 1921இல் வெளியிட்ட மனப் பகுப்பாய்வு நூலில், பழைய அனுபவம் மூளையில் எந்தச் சுவட்டின் துணையும் இன்றி நேரடியாகவே இன்றைய நினைவுக்குக் காரணமாகலாம் என்ற வாய்ப்பை எடுத்துப் பேசினார்; ஜெர்மானிய அறிஞர் ரிச்சர்ட் செமோன் எழுதியவற்றிலிருந்து பெற்ற தூண்டல் அது. காலத்தில் இடைவெளி விட்டுச் செயல்படும் காரணத்தை ரஸல் அபத்தம் என்று தள்ளவில்லை. தொகையீட்டுச் சமன்பாட்டை எழுதிய வடிவிலேயே எடுத்துக்கொண்டால் அது ரஸல் பேசிய இந்த வாய்ப்பின் பக்கம்; விரைவு முறையால் தீர்த்தால் உதயணர் பக்கம். போதிய சுவடுகள் வைத்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே எண்ணைத் தருவதால் அளவீட்டால் தீர்ப்புச் சொல்ல முடியாது. களிமண்ணைத் தோண்டி நுண்ணோக்கியில் பார்த்துத் துகள்களின் அடுக்கு மாறியிருப்பதைக் காட்டினால் அது சுவடுக் கட்சிக்கு வலுச் சேர்க்கும் சான்று. அந்தச் சான்றைத் தருவது மண்ணியல், சமன்பாடு அன்று.

அடுத்தது தொடக்கம் பற்றிய கேள்வி. கடந்த காலத்தைக் கூட்டுவதென்றால் எங்கிருந்து? ரீமான்–லியூவில் வடிவில், மாறாமல் நிற்கும் ஓர் அளவுக்கும் அரை வரிசை வகையீடு பூச்சியமாவதில்லை; தான் ஒருநாள் தொடங்கியதை அது மறக்காமல் வைத்திருக்கிறது, மெல்ல மெல்லத் தேய்க்கிறது. காபுட்டோ 1967இல் பயன்படுத்திய வடிவில் மாறிலிக்கு வகையீடு பூச்சியம்; தொடக்கத்துக்கு முந்தியது எதுவும் கணக்கில் வராது. தொடக்க நிலைமையாக ஒரே ஒரு மதிப்பைக் கொடுத்தால் போதும் என்பதால் பொறியாளர்கள் பெரும்பாலும் காபுட்டோ பக்கமே சாய்கிறார்கள். கொல்கத்தாவின் களிமண் படிந்து பல ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. கணினியிலோ அதன் காலம் அடித்தளம் தோண்டிய நாளில் பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது. இந்த வெட்டு ஒரு தழும்பை விடும். தொடக்கத்தை ஒட்டிய சிறு இடைவெளியில் தீர்வின் மாறுவேகம் எல்லையின்றி உயர்கிறது. சீரான படிகளோடு எல்1 முறையை நடத்தினால், வழவழப்பான தீர்வுக்கு அது தர வேண்டிய துல்லியம் இங்கே கிடைப்பதில்லை. தொடக்கத்தருகே மிகச் சிறிய படிகளும், போகப்போகப் பெரிய படிகளும் வைக்கும் தரப்படுத்திய வலைதான் பரிகாரம். 2017இல் ஸ்டைன்ஸ், ஓ’ரியோர்டன், கிராசியா மூவரும் அதன் துல்லியத்தை நிறுவினர். வினைக்கு ஆதி இல்லை, அது அநாதி என்று சைவ சித்தாந்தம் சொல்லும்போது தொடக்கத்தைத் தட்டிக்கழிப்பதாக ஒரு குற்றச்சாட்டு எழுவதுண்டு. நினைவுள்ள அமைப்புக்குத் தொடக்கம் ஒன்றைக் கற்பிப்பதே அதிக விலை கேட்கிறது என்பதைப் பார்த்தால், கூட்டலின் கீழ் எல்லையை முடிவிலிக்குத் தள்ளுவது அவ்வளவு பொறுப்பற்ற தீர்வாகத் தெரியவில்லை.

ஒப்பீடு எங்கே நின்றுவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். சைவ சித்தாந்தத்தில் சஞ்சிதத்தின் ஒரு பகுதி பிராரத்தமாக வந்து நுகர்ந்து தீர்கிறது. நுகரும்போதே ஆகாமியம் புதிதாக ஏறுகிறது. தீர்வது என்பது அங்கே உண்மையான கழிவு. அபூர்வமும் பலன் தந்ததும் ஒழியும். இந்தச் சமன்பாடுகளில் எதுவும் பலன் தந்ததால் தீர்வதில்லை; தேய்கிறது, அவ்வளவே. வினை சடம், தானே பலனைக் கொண்டுவந்து சேர்க்காது, சேர்ப்பவன் இறைவன் என்பது சித்தாந்தம்; எடைகளுக்கு அப்படி ஒருவர் தேவைப்படுவதில்லை. நற்செயல், தீச்செயல் என்ற வேறுபாடும் எடைகளுக்குத் தெரியாது.

தீச்செயலை எதிர்ச்செயலால் அழிக்கலாமா என்ற கேள்விக்கு மட்டும் கணக்கு ஓரளவு முகம் கொடுக்கிறது. நவத்வீபத்து இரகுநந்தனர் 16ஆம் நூற்றாண்டில் எழுதிய தத்துவங்கள் என்னும் நூல்வரிசையில் ஒன்று பிராயச்சித்தத்துக்கே உரியது. வங்காளத்துத் தருமநெறி நீண்டகாலம் அதைப் பின்பற்றியது. களிமண் மாதிரியில் இதன் நிழல் இப்படி விழும். ஓரலகு சுமையை ஏற்றி, ஓராண்டு வைத்து, இறக்கிவிடுகிறார்கள். அமுக்கம் காலத்தின் வர்க்கமூலமாக வளரும் என்றால், இறக்கும் நாளில் அது 1 அலகு. தொடக்கத்திலிருந்து இரண்டாம் ஆண்டில் 0.414 மீதம். பத்தாம் ஆண்டில் 0.162. நூறாம் ஆண்டிலும் 0.050. செயலை நிறுத்துவது வேறு, அதை நீக்குவது வேறு. இனி, இறக்கியதோடு நில்லாமல் அதே அளவு எதிர்ச்சுமையை அடுத்த ஓராண்டு செலுத்துவதாக வைத்துக்கொண்டால், இரண்டாம் ஆண்டு முடிவில் அளவு −0.586; எதிர்ப்பக்கம் தாண்டிப் போய்விட்டது. அதற்கு மேல் எச்சம் வேகமாகத் தேய்கிறது: பத்தாம் ஆண்டில் −0.009, நூறாம் ஆண்டில் −0.00025. பிராயச்சித்தம் பயனற்றது என்று இந்த எண்கள் சொல்லவில்லை. நூறாம் ஆண்டில் எச்சத்தை ஏறத்தாழ இருநூற்றில் ஒரு பங்காகக் குறைத்திருக்கிறது. ஆனால் செயலும் மாற்றும் வெவ்வேறு காலத்தில் நிகழ்ந்ததால் இரண்டின் நினைவும் வெவ்வேறு வயதுடையவை. கழித்தால் பூச்சியம் வருவதில்லை, எதிர்க்குறியோடு ஒரு மீதம் வருகிறது. மூன்றாவதாக ஒரு திருத்தச் சுமையை அளந்து வைத்தால் அதையும் குறைக்கலாம், நான்காவதால் இன்னும் குறைக்கலாம்.